தோள்குஞ்சமும் தங்கச் சரிகையும்: ஒரு கடற்படை அதிகாரியின் உருவப்படம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு வீட்டிலிருந்து நான் வேலை பார்த்த ஓவியப் பாதுகாப்புப் பட்டறைக்கு ஒரு படம் வந்தது. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம், 36 அங்குல உயரம், 28 அங்குல அகலம். இளம் கடற்படை அதிகாரி ஒருவர் இடுப்பளவுக்குத் தெரிகிறார். நீலக் கோட்டு, வெள்ளை மார்புமடிப்பு, மடிப்பின் ஓரம் முழுக்கத் தங்கச் சரிகை, இரண்டு தோளிலும் குஞ்சம் (ஆங்கிலத்தில் எபாலெட், பதவியைக் காட்டும் தோளணி), கக்கத்தில் தொப்பி. இடது கீழ் மூலையில் மஞ்சள் எழுத்தில் ‘கடலூர், 1783’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. சட்டத்தில் ஒரு பித்தளைத் தகடு, அதில் 18-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கிலேய ஓவியர் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்தது என்று பொறித்திருந்தது.

கொண்டுவந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மையார். படத்தில் இருப்பவரின் நேர் வாரிசு. கூடவே அவருடைய தம்பி மகன், அடுத்து படம் போகவேண்டிய இடம் அவர் வீடு. அம்மையாரின் கோரிக்கை எளிமையானது: படம் மஞ்சளாகிவிட்டது, துடைத்துத் தர வேண்டும். இளைஞருக்கு வேறொரு கேள்வியும் இருந்தது. இது உண்மையிலேயே ரெனால்ட்ஸ்தானா?

குடும்பத்தின் பெயரையும் அந்த அதிகாரி இருந்த கப்பல்களின் பெயரையும் அவர்கள் விருப்பப்படி விட்டுவிடுகிறேன். மற்றதை எழுதச் சம்மதம் தந்திருக்கிறார்கள். நான் செய்த இரண்டு தவறுகளும் இதில் இருக்கின்றன, எழுத உட்கார்ந்ததே முக்கியமாக அவற்றுக்காகத்தான்.

கடலூர் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு துள்ளல் வந்தது உண்மை. 1782, 1783 இரண்டு வருடங்களில் ஆங்கிலேயக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் நம் கிழக்குக் கரையிலும் இலங்கைக் கரையிலும் ஐந்து முறை மோதின. சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டிய பிராவிடியன் தீவு, நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாக 1783 ஜூன் 20 அன்று கடலூர். ஆங்கிலேயப் பக்கம் அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ், பிரெஞ்சுப் பக்கம் சஃப்ரென். கடலூர்ச் சண்டை நடந்தபோது ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதல் உடன்படிக்கை கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சேதி வந்து சேரவில்லை, அதனால் ஆட்கள் செத்தார்கள். அந்த ஊர்ப் பெயர் ஒரு ஆங்கிலேய வீட்டுச் சுவரில் இத்தனை காலம் தொங்கியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

முதல் பார்வையில் கண்டது

படத்தை மேசையில் கிடத்திவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பின்பக்கம் இன்னொரு துணி ஒட்டப்பட்டிருந்தது, பசையால் ஒட்டிய பழைய வேலை. அதனால் முதல் கேன்வாஸின் முதுகு தெரியவில்லை. வண்ணப் பரப்பில் வெடிப்பு வலை ஒரே சீராக ஓடியது, தோள்பட்டைகளில் மட்டும் அது மங்கலாக இருந்தது. அந்த மங்கலை நான் குறித்துக்கொண்டேன், ஆனால் அதை மேற்கொண்டு துருவவில்லை.

புற ஊதா விளக்கில் படம் முழுக்கப் பச்சையாக ஒளிர்ந்தது. இயற்கைப் பிசின் வார்னிஷ் பழசானால் அப்படித்தான் இருக்கும். நெற்றியில் இரண்டு இடத்திலும் ஓரங்களிலும் மட்டும் கறுப்புத் திட்டுகள், வார்னிஷுக்கு மேலே யாரோ பிற்காலத்தில் தொட்டுப் பூசியவை. தோள்குஞ்சம் தனியாகத் தெரியவில்லை, தடித்த வார்னிஷ் அதையும் சேர்த்து மூடியிருந்தது.

முகம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மீசைகூட ஒழுங்காக அரும்பாத வயசுப் பையனின் முகம். கன்னத்தில் ரத்தம் தெரிகிறது, உதடு லேசாகத் திறந்திருக்கிறது. கேப்டன் ஒருவரின் கோட்டுக்குள் அந்த முகம் பொருந்தவில்லை. குடும்பச் செல்வாக்கில் சின்ன வயதிலேயே கேப்டன் ஆனவர்கள் அந்தக் காலத்தில் உண்டு என்று சொல்லி அந்தக் கேள்வியை நானே மூடிவிட்டேன்.

சீருடை சொன்னது

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு முதன்முதலாகச் சீருடை வந்தது 1748-இல். அதற்குப் பிறகு அது பலமுறை மாறியது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி இருக்கிறது. அதனால் கடற்படைப் படங்களுக்குக் காலம் சொல்ல முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, கோட்டை. இங்கே இருந்த வெட்டு 1774-இல் வந்து 1787 வரை இருந்த வகை. நதானியல் டான்ஸ் 1775-76-இல் வரைந்த கேப்டன் ஜேம்ஸ் குக்கின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோட்டு நினைவிருக்கும்: நீலம், வெள்ளை மடிப்பு, ஓரத்தில் தங்கச் சரிகை. சரிகை கேப்டனுக்கு உண்டு. அவருக்குக் கீழ்ப் பதவியில் உள்ள லெப்டினன்டுக்குக் கிடையாது, லெப்டினன்டின் வெள்ளை மடிப்பு வெறும் வெள்ளைதான்.

தோள்குஞ்சம் வந்தது 1795-இல். அந்த வருட விதிப்படி மூன்று வருடத்துக்கு மேல் பணியிலிருந்த கேப்டனுக்கு இரண்டு தோளிலும் குஞ்சம், அதற்குக் கீழே உள்ளவருக்கு வலது தோளில் மட்டும் ஒன்று. அதே 1795 மாற்றத்தில்தான் வெள்ளை மடிப்பு போய் நீலமானது. அப்படியானால் இந்தப் பழைய வெட்டுக் கோட்டில் வெள்ளை மடிப்பும் இரண்டு குஞ்சமும் விதிப்படி ஒன்றுசேர வழியில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. விதி வரும் முன்பே பிரெஞ்சு மோஸ்தரைப் பார்த்துக் குஞ்சம் மாட்டிக்கொண்ட ஆங்கிலேய அதிகாரிகள் இருந்தார்கள். 1783-இல் பிரான்ஸில் செயின்ட் ஓமர் ஊரில், பின்னாளில் பிரிட்டனின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதியான நெல்சன் அப்படி இரண்டு கேப்டன்களைப் பார்த்து எரிச்சல்பட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார், அதில் ஒருவர் பின்னாளில் அவருக்கு நெருங்கிய நண்பரான அலெக்சாண்டர் பால். ஆகவே விதிப் புத்தகத்தை மட்டும் வைத்து ‘இது பிற்சேர்க்கை’ என்று எழுதிவிட முடியாது. வண்ணத்தைக் கேட்க வேண்டும்.

நான் கேட்காமலே எழுதினேன். அம்மையாருக்கு அனுப்பிய முதல் அறிக்கையில், தோள்குஞ்சம் காலத்துக்குப் பொருந்தவில்லை, பிற்காலத்தில் ஏற்றிய போலிச் சேர்க்கையாக இருக்க வேண்டும், சரிகையும் அதே கையாக இருக்கலாம் என்று எழுதியிருந்தேன். குஞ்சம் பற்றிய ஊகம் கடைசியில் சரியாகத்தான் வந்தது. ஆனால் ‘போலி’ என்ற அந்தச் சொல் என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கைமடிப்பில் நடந்த தவறு

வார்னிஷை எடுக்கும் முன் சின்னச் சின்ன இடங்களில் சோதித்துப் பார்ப்போம். குச்சியில் பஞ்சைச் சுற்றி, கரைப்பானில் தோய்த்து, அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு மெதுவாக உருட்டி எடுத்து, பஞ்சில் என்ன நிறம் ஏறுகிறது என்று பார்ப்பது. பழுப்பு வந்தால் வார்னிஷ். வேறு நிறம் வந்தால் நிறுத்த வேண்டும்.

நீலக் கோட்டில், பின்னணியில், கன்னத்தின் ஓரத்தில் எல்லாம் ஒழுங்காக வந்தது. அப்புறம் வலது கைமடிப்பின் ஓரத்தில் வைத்தேன். முதல் உருட்டலில் பழுப்பு. இரண்டாவதில் பஞ்சில் ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். சரிகை பிற்காலப் பூச்சு என்று நான் ஏற்கெனவே எழுதிவிட்டதால், மஞ்சள் வருவது என் ஊகத்துக்குச் சான்றாகத் தோன்றியது. இன்னும் ஒரு முறை உருட்டினேன். சரிகையின் ஓரத்தில் நான்கு மில்லிமீட்டர் போய், கீழே இருந்த வெறும் வெள்ளை தெரிந்தது.

பட்டறையின் மூத்தவர் வந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. பஞ்சை வாங்கி ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு மூடினார், தேதி எழுதினார், ‘எக்ஸ்ரே எடுத்த பிறகு பேசலாம்’ என்றார். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் படத்தைத் தொடவில்லை.

எளிதில் கரைவது எல்லாம் புதுசு என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் பாதி உண்மை. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர்கள் பலர் எண்ணெயோடு பிசினைக் கலந்து பூசினார்கள், பளபளப்புக்காக, சீக்கிரம் காய்வதற்காக. அந்தப் பூச்சு இருநூறு வருடம் ஆனாலும் வார்னிஷ் கரையும் அதே திரவத்தில் கரையும். பாடமாக எனக்குத் தெரியும். கையில் குச்சி இருந்தபோது நினைவுக்கு வரவில்லை.

எக்ஸ்ரேயும் நுண்ணோக்கியும்

எக்ஸ்ரே படலத்தில் ஈய வெள்ளை பளிச்சென்று தெரியும், ஈயம் கதிரைத் தடுப்பதால். மார்புமடிப்பு இரண்டும் வெள்ளையாக, முழுசாக, ஓரத்தில் எந்த இடைவெளியும் இல்லாமல் தெரிந்தன. அதாவது முதலில் வரைந்தபோது சரிகைக்கு இடம் விடவில்லை, வெறும் வெள்ளையாக முடித்திருக்கிறார்கள். தொப்பியின் விளிம்பும் முதலில் வேறு கோணத்தில் இருந்து பிறகு சற்று இறக்கப்பட்டிருந்தது. முகத்தில் மாற்றமே இல்லை.

ஆக, படம் முதலில் ஒரு லெப்டினன்டின் படம்.

பிறகு நுண்ணோக்கி. நான் வாழ்நாளில் மறக்காத இரண்டு காட்சிகளை அதன் கீழே பார்த்தேன். தோளில், குஞ்சத்தின் மஞ்சள் வண்ணம் பழைய வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கி, வாய்க்காலில் தண்ணீர் நிற்பதுபோல் நின்று காய்ந்திருந்தது. கீழே உள்ள நீலம் காய்ந்து, வயசாகி, வெடித்த பிறகுதான் அந்த மஞ்சள் வந்திருக்கிறது. தோளில் வெடிப்பு வலை மங்கலாகத் தெரிந்ததற்குக் காரணமும் இதுதான். பக்கத்திலேயே மார்புமடிப்பில் வேறு கதை. வெள்ளையில் ஓடிய வெடிப்பு அப்படியே நிற்காமல் சரிகையையும் பிளந்துகொண்டு போனது. இரண்டும் ஒன்றாகவே முதுமை அடைந்திருக்கின்றன.

ஊசிமுனை அளவுக்கு மாதிரி எடுத்துக் குறுக்குவெட்டாகப் பார்த்தோம். குஞ்சத்துக்குக் கீழே ஒரு பழுப்பு வார்னிஷ் படலம், அதற்குக் கீழே அழுக்கு, அதற்கும் கீழே கோட்டின் நீலம். சரிகைக்குக் கீழே வார்னிஷ் இல்லை. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நூலைவிட மெல்லிய ஒரு தூசுக் கோடு மட்டும்.

அந்தத் தூசுக் கோட்டைப் பற்றி நாங்கள் ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். வார்னிஷ் பூசாத ஒரு படம் சில வருடம் எங்கோ சாத்திவைக்கப்பட்டிருக்கிறது, பிறகு ஒருவர் அதன்மேல் சரிகை வரைந்திருக்கிறார், அதன் பிறகுதான் முதல் வார்னிஷ். வேறு விதமாக அதை விளக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

நிறமிகளும் இதையே சொன்னன. எக்ஸ்-கதிர் பாய்ச்சி வண்ணத்தில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவியில் கோட்டின் நீலத்தில் இரும்பு, அது பிரஷ்யன் நீலம், 18-ஆம் நூற்றாண்டில் சாதாரணம். சரிகையில் ஈயமும் ஆன்டிமனியும், அது நேப்பிள்ஸ் மஞ்சள், அதுவும் அந்தக் காலத்துக்குரியது. குஞ்சத்திலும் ‘கடலூர், 1783’ எழுத்திலும் ஈயத்தோடு குரோமியம். குரோமியம் என்ற தனிமமே 1797-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதிலிருந்து செய்த மஞ்சள் ஓவியர் கைக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். நெற்றித் திட்டுகளில் டைட்டானியம், அது 1920-க்குப் பிந்தையது.

மூன்று கை, மூன்று காலம். நான் ஒரே ‘போலி’யாகச் சுருட்டி எழுதியவை.

கியூவில் உள்ள ஏடுகள்

கடற்படை ஏடுகளைத் தேடும் வேலையைத் தம்பி மகன் எடுத்துக்கொண்டார். லண்டனை ஒட்டிய கியூவில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டியின் ஏடுகள் அங்கே தொடர் எண்ணோடு கிடக்கின்றன: லெப்டினன்ட் தேர்வுச் சான்றுகள் ஏடிஎம் 107, கப்பலில் யார் யார் இருந்தார்கள் என்ற பேரேடு ஏடிஎம் 36, கேப்டன்களின் நாட்குறிப்பு ஏடிஎம் 51. ஒருவரின் பெயரும் ஒரு கப்பலின் பெயரும் தெரிந்தால் வாரக்கணக்காக உட்கார்ந்து ஒரு வாழ்க்கையைக் கோத்துவிடலாம். அவர் கோத்தார்.

1778-இல் லெப்டினன்ட். அடுத்த வருடம் ஹியூஸின் படையணியோடு இந்தியாவுக்குப் புறப்பாடு. 1782 முழுக்க நம் கரையோரச் சண்டைகள். அந்த செப்டம்பர் 3-ஆம் தேதி திருகோணமலைக்கு வெளியே நடந்த சண்டையில் ஆங்கிலேயர் தரப்பில் மூன்று கேப்டன்களின் உயிர் போனது. அப்படி விழுந்த இடங்கள் நிரப்பப்பட்ட தொடரில் கீழே இருந்தவர்கள் படிப்படியாக மேலேறினார்கள், நம் ஆளும் அவர்களில் ஒருவர். 1783 ஜூனில் கடலூருக்கு வெளியே படையணி நின்றபோது ஒரு சிறிய கப்பலுக்கு அவர் கேப்டன். ஆட்கள் நூற்றுக்கணக்கில் ஸ்கர்வி நோயில் படுத்திருந்த நேரம் அது. வீடு திரும்பியது அடுத்த வருடம். 1795-க்குப் பிறகும் பணியில் இருந்தார், அதனால் இரண்டு குஞ்சமும் அவர் உண்மையிலேயே அணிந்தவைதான், இந்தப் படத்தில் இருக்கும் வயதில் அல்ல என்பது மட்டும்.

இதே போன்ற ஒரு படம் எல்லோருக்கும் தெரிந்த இடத்திலேயே இருக்கிறது. ஜான் ஃபிரான்சிஸ் ரிகோ என்ற ஓவியர் 1777-இல் பதினெட்டு வயது லெப்டினன்ட் நெல்சனை வரைய ஆரம்பித்தார். நெல்சன் கடலுக்குப் போய்விட்டார். 1781-இல் திரும்பி வரும்போது அவர் கேப்டன். ரிகோ கோட்டைக் கேப்டன் கோட்டாக மாற்றினார், நிகரகுவாவில் நெல்சன் சண்டையிட்ட சான் ஹுவான் கோட்டையைப் பின்னணியில் சேர்த்தார். காய்ச்சலில் உருக்குலைந்து வந்த நெல்சன், படம் இப்போதைய என்னைப்போலத் துளியும் இருக்காது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். படம் இன்று கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்கள் மேசையில் கிடந்ததும் அதேதான். போவதற்கு முன் இருந்த முகம், வந்த பிறகு கிடைத்த கோட்டு. நடுவில் ஆறு வருடம், ஒரு நூலளவு தூசு.

ரெனால்ட்ஸ்தானா?

இல்லை. ரெனால்ட்ஸ் தன்னிடம் உட்காரவந்தவர்களின் நேரத்தைக் குறித்துவைத்த குறிப்பேடுகள் பெரும்பாலும் எஞ்சியிருக்கின்றன, அவற்றில் இந்தப் பெயர் இல்லை. சில வருட ஏடுகள் தொலைந்துபோனதால் அது மட்டும் போதாது. வேலைப்பாடும் அவருடையதல்ல. அவர் முகச்சிவப்புக்குச் சாயச் சிவப்பை நம்பியவர், அது வெளுத்துப்போய் அவர் காலத்திலேயே வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இங்கே கன்னச் சிவப்பு திடமாக நிற்கிறது.

பணக் கணக்கும் இடித்தது. 1782-இல் ரெனால்ட்ஸ் வெறும் தலையளவுப் படத்துக்கே 50 கினி வாங்கினார், அதாவது 52 பவுண்டு 10 ஷில்லிங். சாதாரணக் கப்பலில் ஒரு லெப்டினன்டின் சம்பளம் 28 நாள் மாதத்துக்கு 5 பவுண்டு 12 ஷில்லிங். சில வருடம் முன்பு விலை குறைவுதான், இருந்தாலும் கையும் தொப்பியும் சேர்த்து வரைய இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். எதிரிக் கப்பலைப் பிடித்தால் கிடைக்கும் பரிசுப் பணம் கண்டிராத ஒரு இளம் லெப்டினன்டின் வீட்டார் அவரிடம் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

பித்தளைத் தகடு 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படத்தின்மேல் இருந்த பிற்சேர்க்கைகள் எல்லாம் நடந்ததைச் சொன்னவை. அந்தத் தகடுதான் பொய்.

எடுத்த முடிவு, அது மாறிய விதம்

அம்மையார் எங்கள் முதல் அறிக்கையிலேயே நின்றுவிட்டிருந்தார். ‘போலி’ என்ற சொல்லைப் படித்த நாளிலிருந்து அந்தக் குஞ்சத்தைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு வியாபாரி விலையேற்றுவதற்காகத் தன் முப்பாட்டனை ஜோடித்துவிட்டான் என்றே நினைத்தார். இரண்டாவது அறிக்கையில் சரிகை உண்மையானது, அது இருக்க வேண்டியது என்று விளக்கியதும் நிம்மதி அடைந்தார். குஞ்சத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், எழுத்தையும்.

எங்களுக்கும் அதில் மறுப்பு இல்லை. குஞ்சத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் வார்னிஷ் இருப்பதால் கீழே உள்ளதற்குச் சேதமில்லாமல் எடுக்கலாம். எடுத்தால் அந்தத் தோளின் கோடு வெளியே வரும். எக்ஸ்ரேயில் பார்த்த வளைவு அழகானது, இளசான, இன்னும் அகலம் பிடிக்காத தோள். எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கி, வேலைக்கு நாளும் குறித்தோம்.

அதற்கு நான்கு நாள் முன்பு தம்பி மகன் தொலைபேசியில் அழைத்தார். கியூ ஏடுகளைத் தேடித் தேடிப் பழக்கமாகி, வீட்டு மச்சில் இருந்த பழைய காகிதப் பெட்டியையும் கிளறியிருக்கிறார். அதில் 1846-ஆம் வருடத்து ரசீது ஒன்று. அதிகாரியின் பேத்தி பெயருக்கு எழுதியது. பழைய படத்துக்குப் பின்துணி ஒட்டியதற்கு, சுத்தம் செய்ததற்கு, இரண்டு தோள்குஞ்சமும் எழுத்தும் சேர்த்ததற்கு என்று மூன்று வரி.

வியாபாரி யாரும் இல்லை. தாத்தாவை முழு உடுப்பில் பார்த்த ஒரு பேத்தி, சுவரில் இருந்த படத்தில் அந்தத் தோள்கள் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, கைக்காசு கொடுத்து மாட்டிவிட்டிருக்கிறார். கடலூர் என்ற பெயரையும் அவர்தான் எழுதவைத்தார், அந்தச் சண்டைக்கு அறுபத்து மூன்று வருடம் கழித்து. தாத்தா வாயால் கேட்ட ஊராக இருக்க வேண்டும்.

அம்மையார் ரசீதின் நகலோடு பட்டறைக்கு வந்தார். படத்தின் முன் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: ‘அப்படியானால் நீங்கள் ஏன் போலி என்று எழுதினீர்கள்?’ காலம் பொருந்தாததால் அப்படி எழுதினேன் என்றேன், பொருந்தாததற்கும் போலிக்கும் வித்தியாசம் உண்டு, அதை நான் கவனிக்கவில்லை என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார். பிறகு, குஞ்சம் இருக்கட்டும் என்றார்.

மூத்தவருக்கு அதில் முழு உடன்பாடில்லை. 1846-இன் பூச்சு தரமான வேலை அல்ல, நல்ல ஓவியரின் தோளை அது மூடியிருக்கிறது, பாசத்தை ரசீதில் படிக்கலாம், படத்தில் ஓவியரைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் படம் அருங்காட்சியகத்தில் இல்லை, ஒரு வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டில் ஐந்து தலைமுறை இந்த மனிதரைக் குஞ்சத்தோடுதான் அறிந்திருக்கிறது. குஞ்சத்தின் வண்ணம் உறுதியாக ஒட்டியிருந்தது, உரியவில்லை, கீழே உள்ளதை இழுக்கவும் இல்லை. வைத்திருந்தால் எதுவும் கெடாது. எடுத்தால் திரும்ப வைக்க முடியாது. நான் அம்மையார் பக்கம் நின்றேன், இன்றும் அப்படித்தான்.

செய்த வேலை

பழுப்பேறிய மேல் வார்னிஷையும் டைட்டானியம் கலந்த நெற்றித் திட்டுகளையும் எடுத்தோம். குஞ்சத்தைச் சுற்றியும் சரிகையைச் சுற்றியும் வார்னிஷை முழுக்க எடுக்கவில்லை, மெல்லிய படலமாகக் குறைத்து விட்டுவிட்டோம். கைமடிப்பு அனுபவத்துக்குப் பிறகு சரிகைப் பக்கம் பஞ்சைக் கொண்டுபோக எனக்குக் கை வரவில்லை, அந்தப் பகுதியை மூத்தவரே நுண்ணோக்கியின் கீழ் செய்தார், ஆறு நாள் ஆனது. பழைய பின்துணி இன்னும் இறுக்கமாக இருந்ததால் அதைத் தொடவில்லை. புது வார்னிஷ் எளிதில் எடுக்கக்கூடிய செயற்கைப் பிசின்.

நான் அழித்த நான்கு மில்லிமீட்டரை, தேவைப்பட்டால் துடைத்துவிடக்கூடிய வண்ணத்தால் நிரப்பினேன். சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. புற ஊதா விளக்கில் தெரியும், தெரிய வேண்டும்.

முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதினோம், பழையதில் இருந்த தவறு என்ன என்பதையும் அதிலேயே குறிப்பிட்டு. பித்தளைத் தகட்டைக் கழற்றி உறையில் போட்டு அம்மையாரிடம் கொடுத்தோம். புதுச் சீட்டில் இருப்பது: ஆங்கிலேய ஓவியர், சுமார் 1778, அதிகாரி திரும்பிய பின் சுமார் 1785-இல் மாற்றப்பட்டது, 1846-இல் சேர்க்கைகள். ரெனால்ட்ஸ் போனதில் காப்பீட்டு மதிப்பு இறங்கியது, தம்பி மகனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. கியூவில் உட்கார்ந்து பார்த்த பேரேடுகள் அதை ஈடுகட்டின என்று பிறகு சொன்னார், நான் நம்புகிறேன்.

இனி நான் வேறுவிதமாகச் செய்வது

கரைப்பான் சோதனைக்கு முன்பே எக்ஸ்ரே. செலவு என்று தள்ளிப்போட்டதுதான் கைமடிப்பில் முடிந்தது. பஞ்சில் வண்ணம் ஏறினால் முதல் முறையே நிறுத்துவது, அந்த மஞ்சள் என் ஊகத்துக்குச் சாதகமாக இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

படம் உள்ளே வரும் நாளிலேயே வீட்டில் உள்ள காகிதங்களைக் கேட்பது. ரசீது, உயில், கடிதம், மச்சில் கிடக்கும் பெட்டி எதுவானாலும் சரி. நாங்கள் கேட்டது படத்தை மட்டும். அந்த இளைஞர் தானாகக் கிளறியிருக்காவிட்டால் நான்கு நாளில் பேத்தியின் குஞ்சம் பஞ்சில் போயிருக்கும்.

அறிக்கையில் ‘போலி’, ‘பொய்’ என்ற சொற்களை இப்போது நான் எழுதுவதில்லை. ‘பிற்சேர்க்கை’ என்று எழுதி, எப்போது என்பதற்குச் சான்று இருந்தால் அதையும், யார் எதற்காக என்பது தெரியும்வரை அந்த இடத்தைக் காலியாகவும் விடுகிறேன்.

படம் திரும்பிப் போன பிறகு ஒரு முறை அந்த வீட்டுக்குப் போனேன். வெயில் படாத சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ரசீதின் நகலும் எக்ஸ்ரே அச்சும் சட்டத்தின் முதுகில் ஒரு உறையில் இருக்கின்றன. தேநீர் கொடுத்துவிட்டு, கடலூர் எப்படிப்பட்ட ஊர் என்று அம்மையார் கேட்டார். கெடிலம் கடலில் சேரும் இடம், பழைய துறைமுகம், மணல், மீன்பிடிப் படகுகள் என்று தெரிந்ததைச் சொன்னேன். ஒரு காகிதத்தில் தமிழில் அந்தப் பெயரை எழுதித் தரச் சொன்னார், எழுதிக்கொடுத்தேன். அதையும் அந்த உறைக்குள் வைத்தார்.